வெல்லத்தின் மறுபாதி

என் வீட்டுக்காரரைப் பொய்யர் என்று நான் எழுதி வைத்தேன். வாயால் சொல்லியிருந்தால் அது காற்றோடு போயிருக்கும். நான் எழுதியது ஆஸ்பத்திரி நோட்டில், நீல மையில், என்னுடைய குண்டுக் கையெழுத்தில். எழுதும்போது எனக்குக் கை நடுங்கவே இல்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. மணவாள நகரில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அவர் காக்களூர் ரோட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நான் ரயில்வே கேட்டைத் தாண்டி ஊருக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம், மூத்திரம் சோதித்துச் சொல்கிற வேலை பார்த்தேன். "மூத்திரம் பாக்கறவ" என்றுதான் தெருவில் எனக்குப் பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்கள் வீட்டு மூத்திரத்தையும் நான்தானே பார்த்தேன்! ஒரே அறை, ஒரே ஜன்னல். கையால் சுற்றினால் ரத்தத்தைத் தெளிய வைக்கிற ஒரு மெஷின், ஒரு ஸ்பிரிட் விளக்கு, நிறத்தை வைத்து அளவு சொல்கிற ஒரு பெட்டி. எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. ரத்தம் உறையட்டும் என்று காத்திருக்கிற அரை மணி நேரத்தில் கழுவின குழாய்களையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பேன்.

உட்கார முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. என் மாமனார் எனக்குத் தாய்மாமன். வேப்பம்பட்டுக்கு அந்தப் பக்கம் நெல் வயல் வைத்திருந்த குடும்பம். ஐம்பது வயதில், ஒரு காணும் பொங்கலன்று, என் கையால் கறிக்குழம்பும் சோறும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். கை கழுவப் போனவர் செம்பைக் கீழே போட்டார். குனிந்து எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை, அவரும் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வந்து பார்த்த டாக்டர், "கொழுப்பு அடைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று நான் எடுத்த கரண்டி அப்போதும் என் கையிலேயே இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அச்சு அசல் அப்பன் உடம்பு. அதே நடை, அதே சின்னத் தொந்தி. சாப்பிட்டு எழுந்ததும் இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நிற்பது வரைக்கும் அப்படியே. அவர் அப்படி நிற்கும்போதெல்லாம் கை வேலையைப் போட்டுவிட்டு அவரையே பார்ப்பேன். முப்பத்து நாலு வயது அவருக்கு. இன்னும் பதினாறு வருஷம் என்று மனசு பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும். இந்த மனுஷனை நான் சாக விடக் கூடாது. மாமனார் போனதிலிருந்து மூன்று வருஷமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அதனால் என் அடுப்பில் எண்ணெய் ஏறுவது நின்றது. கறி கிடையாது, முட்டை கிடையாது, மீன் கிடையாது. தேங்காயைக்கூட வாசலோடு நிறுத்திவிட்டேன். தோசைக்கல்லில் வெங்காயத்தைத் தேய்த்துத் தோசை வார்ப்பேன். பிய்ந்து பிய்ந்து வரும். அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் மனுஷன் வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டாமா? அதற்கும் நானே வழி கண்டுபிடித்தேன். இனிப்பில்தான் கொழுப்பு இல்லையே! சோற்றை இன்னும் ஒரு கை அள்ளி வைத்தேன். கஞ்சியில் வெல்லம். அவலில் வெல்லம். டீயில் நாலு கரண்டி சர்க்கரை. வெயில் காலத்தில் பட்டறைக்கே பாட்டிலில் பானகம். ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் புருஷனுக்கு விதவிதமாகச் செய்து போடுகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஏகப்பட்ட பெருமை.

அதோடு சாமியையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் அமாவாசையன்று வெல்லம் கரைப்பார்கள். தண்ணீரில் வெல்லம் கரைகிற மாதிரி உடம்பில் இருக்கிற நோயும் கரையும் என்று நம்பிக்கை. எங்கிருந்தெல்லாமோ ஜனம் வரும். நான் அதில் என் பங்குக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். உருண்டையை இரண்டாக உடைத்துப் பாதியைக் குளத்தில் விடுவேன். மறுபாதியை அவர் அன்றைக்கே மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. பயந்து போனவள் தானே கட்டிக்கொண்ட வேண்டுதல் அது. முதலில் அமாவாசைக்கு மட்டும் இருந்தது. போதாதோ என்று தோன்றி வெள்ளிக்கிழமையும் சேர்த்தேன். பிறகு தினமும் மதியத்துக்கு அவர் டப்பாவில் ஒரு அவல் உருண்டை, ஒரு பொரி உருண்டை. குளத்துப் படியிலோ வீட்டு வாசலிலோ நான் நீட்டுவேன், அவர் கை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராசிலிருந்து ஒரு டாக்டரம்மா வாரா வாரம் வியாழக்கிழமை வர ஆரம்பித்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். எதையும் பாதியில் வெட்டிப் பேசுகிற ஆள். அவருக்கு நோயாளி வேண்டாம். நன்றாக இருக்கிறவர்களின் ரத்தம் வேண்டும். ஒரு வியாதியும் இல்லாத மனுஷன் சர்க்கரையைக் குடித்தால் ரத்தத்தில் அது எப்படி ஏறி எப்படி இறங்குகிறது, அதே ஆளின் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது, இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறார். நன்றாக இருக்கிறவன் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வருவான்? நானும் தெருத்தெருவாகக் கேட்டுப் பார்த்தேன். "நல்லா இருக்கறப்போ இன்னாத்துக்கு ஊசி?" என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரையே கூட்டிக்கொண்டு போனேன். எண்ணெய் தொடாத ரத்தம் எப்படி இருக்கும் என்று அந்த அம்மா பார்க்கட்டுமே என்ற கர்வமும் இருந்தது. பொய் சொல்வானேன்.

முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தரம் ரத்தம் எடுப்போம். பிறகு குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் ஒரு பெரிய தம்ளர். அப்புறம் அரை மணிக்கு ஒரு தரம், இரண்டு மணி நேரம் வரைக்கும். அவர் மர பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஐந்து தரமும் முகத்தைச் சுளிக்காமல் கை நீட்டினார். சர்க்கரை அளவை நானே பார்த்தேன். வெறும் வயிற்றில் நன்றாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் சரசரவென்று மேலே போய், இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. சர்க்கரை வியாதி இல்லை. பார்த்தீர்களா என்று டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் வேறு குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அது கொழுப்புக்காக வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம். ரத்தம் உறைந்து, சுற்றித் தெளிய வைத்தால் மேலே ஒரு தண்ணீர் நிற்கும். வெளிறிய மஞ்சளாக, மறுபக்கம் விரலை வைத்தால் ரேகை தெரிகிற மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரருடையது பால் மாதிரி இருந்தது. விரலும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

"நேத்து நைட் என்ன சாப்பிட்டார்?"

"சாயந்திரம் ஏழு மணிக்குச் சோறும் ரசமும் டாக்டர். அப்புறம் ஒண்ணும் இல்ல."

"நெய், கறி, பிரியாணி?"

"எங்க வீட்டில எண்ணெயே கிடையாது!"

டாக்டரம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வீட்டில இல்லன்னா வெளியில. இது நல்லாக் கொழுப்பு சாப்பிட்டு வந்த ரத்தம். இவரைக் கணக்கில சேர்க்க முடியாது. நோட்டில எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குழாயை எடுத்தார்.

எனக்குக் காதெல்லாம் எரிந்தது. மூன்று வருஷம் இந்த மனுஷனுக்காக நானும் பிய்ந்த தோசையைத் தின்றிருக்கிறேன். இவர் எங்கேயோ போய் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வந்து என் எதிரிலேயே கை நீட்டுகிறார்! சாப்பிட்டுவிட்டு வந்தவர் என்று எழுதியிருந்தாலே போதும். நான் குறிப்புக் கட்டத்தில் எழுதியது, "பொய் சொன்னவர்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்டேன். ஆள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"மாமா, நேத்து எங்க போய்த் துன்ன?"

"நானா? எங்கியும் போவலியே."

"பொய் சொல்லாத! உன் ரத்தமே சொல்லுது."

"சாமி சத்தியமா இல்ல" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேசத் தெரியாது. மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவர் கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தேன். உதட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பேச்சு கொடுப்பது போல் கிட்டே போய்ப் பார்த்தேன். டப்பாவைக் கழுவுவதற்கு முன்னால் விரலை விட்டுத் தடவினேன். வெல்லப் பாகுதான் ஒட்டியது. வேலையில் குழாய் இரண்டை உடைத்தேன். பேருந்து சத்தம் கேட்டால்கூட எழுந்து நின்றேன். இவர் திருட்டுத்தனமாகத் தின்று தின்று அப்பன் போன வழியே போகப் போகிறார், நான் மறுபடியும் ஒரு செம்பு விழுவதைப் பார்க்கப் போகிறேன். இதே நினைப்பு.

பட்டறையில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. இங்கே அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு தரம் ஊருக்குப் போய் வருவான். வரும்போது எறா வறுவலும் மீன் வறுவலும் கட்டிக்கொண்டு வந்து பட்டறையையே மணக்க வைப்பான் என்று என் வீட்டுக்காரரே ஒரு தரம் சொல்லியிருந்தார். சட்டென்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம் பார்த்து, வேலையைப் போட்டுவிட்டு நடந்தே பட்டறைக்குப் போனேன்.

எல்லாரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நேராக அந்தக் கூட்டாளியின் முன்னால் போய் நின்றேன்.

"ஏம்ப்பா, எங்கூட்டுக்காரர சாவடிக்கறதுன்னே முடிவு பண்ணிட்டியா? அவங்கப்பா எப்டி செத்தார்னு உனக்குத் தெரியாது? எறாவும் மீனும் குடுத்து ஊட்டி உடறியா?"

அவன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "இன்னா அண்ணி, மூச்சு உட்டுட்டுப் பேசுங்க. எறா எடுத்தாரன், மெய்தான். அண்ணன் ஒரு நாளு தொட்டதில்ல. 'எடுத்துக்கண்ணே, எடுத்துக்கண்ணே'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே பேஜாராப் பூட்ச்சி. அவரு பாட்டுக்கு நீங்க குடுத்த உருண்டையக் கடிச்சிக்கினு அந்தாண்ட திரும்பிக் குந்திக்குவாரு. வாசனை வரக்கூடாதாம்."

"உங்கூட்டாளிக்கு நீ சாட்சியா? நல்லா இருக்குது ஞாயம்!"

"வேணும்னா இவங்களயும் கேளுங்க. நாஷ்டாவும் வெளிய துன்றதில்ல. பசிக்குதுன்னா டீக்கடைல போயி சக்கர தூக்கலா ஒரு டீ. அவ்ளோதான் அண்ணி."

யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டார். அது போதாதா? நான் இன்னும் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுதக் கூசுகிறது. திருட்டுத் தீனி என்றேன். மானங்கெட்ட நாக்கு என்றேன். என் வீட்டுக்காரர் எழுந்து, டப்பாவை மூடி, கையை மெஷின் துடைக்கிற பஞ்சில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"ஊட்டுக்குப் போ" என்றார்.

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போட்டதைச் சாப்பிட்டார், நீட்டினதை வாங்கிக்கொண்டார். அந்த வார அமாவாசையன்றுகூட வெல்லத்தின் மறுபாதியைப் பேசாமல் வாங்கி, மென்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

நான் விடவில்லை. வியாழக்கிழமை வந்ததும் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். "இன்னொரு தரம் பாருங்க டாக்டர். ஒரு நாள் முழுக்க என் கண்ணில வெச்சிருந்து நானே கூட்டியாரேன்." அவர் சரி என்றார்.

அடுத்த புதன்கிழமை என் வீட்டுக்காரரைப் பட்டறைக்கு லீவு போட வைத்தேன். நானும் லீவு. நாள் பூராவும் வீட்டுக்குள்ளேயே, எதிரும் புதிருமாக, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தோம். அவர் ரேடியோவைத் திருகினார், நான் துடைத்த தரையைத் துடைத்தேன். காலையில் வெல்லக் கஞ்சி, மதியம் சோறு, சாம்பார், உருண்டை இரண்டு, மாலையில் டீ, ஏழு மணிக்கு அவலும் வெல்லமும். எல்லாம் என் கையால். கதவுச் சாவி என் முந்தானையில். விடிந்ததும் நானே கூட நடந்து ரயில்வே கேட்டைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனேன். குற்றவாளியைக் கொண்டு போகிற போலீஸ்காரன் மாதிரிதான் நடந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார்.

ரத்தம் எடுத்தேன். உறைந்தது. சுற்றினேன். குழாயைத் தூக்கினேன்.

பால்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நேற்று முழுக்க அவர் வாய்க்குள் போனதில் என் கை படாதது ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் இந்தக் குழாயில் இருப்பது எங்கிருந்து வந்தது?

டாக்டரம்மா இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தார். "நேத்து என்னென்ன கொடுத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். தினமும் என்ன கொடுப்பேன் என்பதையும் சொன்னேன். கஞ்சி, சோறு, அவல், உருண்டை, பானகம், டீ. சொல்லிக்கொண்டே வரும்போது அவர் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மேஜையில் வைத்தார்.

"இவ்வளவு வெல்லமா?"

"வெல்லத்தில கொழுப்பு இல்லையே டாக்டர்."

"இல்ல. உடம்பு பண்ணிக்கும்."

எனக்குப் புரியவில்லை. "சர்க்கரை ரிப்போர்ட் நல்லாத்தானே இருந்தது?"

"அதுதான் நம்மளை ஏமாத்துது. எவ்வளவு போட்டாலும் அவர் உடம்பு எப்படியோ தள்ளிக் கொண்டு போய் சர்க்கரையைச் சரியான இடத்தில நிறுத்திடுது. ஆனா ஒரு மணி நேரத்தில எவ்வளவு மேல போச்சு, பார்த்தீங்க இல்ல? இறக்கறதுக்கு அவ்வளவு பாடுபடுது. இறங்கின சர்க்கரை எங்க போகும்? வேலைக்குச் செலவானது போக மிச்சத்தில ஒரு பங்கைக் கல்லீரல் கொழுப்பா மாத்தி ரத்தத்திலேயே அனுப்புது. அதைத்தான் இப்போ கையில வெச்சிருக்கீங்க."

"எண்ணெயே தொடாமலா?"

"தொடாமலேதான். எல்லாருக்கும் இவ்வளவு ஆகறதில்ல. சிலருக்கு ஆகுது. ஏன்னு முழுசா எனக்கும் தெரியாது. அதைத் தேடித்தான் வாரா வாரம் ரயிலேறி வரேன்." பேனாவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "போன தடவை நானும் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

அவர் அவசரப்பட்டார், சரி. எனக்கு என்ன வந்தது? மூன்று வருஷமாக அந்தப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக என் வீட்டுக்காரர் ரத்தத்தில் ஊற்றினவள் நான். மாமனாருக்குக் கறியைப் போட்ட அதே கையால், அவர் பிள்ளைக்கு வெல்லத்தைப் போட்டேன். வெளியே பெஞ்சில் அவர் காத்திருந்தார். கதவு வரைக்கும் போய், வெளியே போக முடியாமல் திரும்பி வந்தேன்.

டாக்டரம்மா சொன்னது சுலபம். வெல்லத்தையும் சர்க்கரையையும் நிறுத்து, சோற்றைக் குறை, மீன் கொடு, எண்ணெய் அளவோடு ஊற்று, நடக்கச் சொல். ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம். முதல் வேலையாக மறுநாள் மதியமே பட்டறைக்குப் போனேன். அதே வேப்பமரம், அதே ஆட்கள். கூட்டாளியைப் பார்த்து, "நான் பேசினது தப்பு தம்பி. எங்கூட்டுக்காரர் எதையும் தொடல. தப்பு என்னுது" என்றேன். எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னேன். கத்தினபோது கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும்.

"உடுங்க அண்ணி" என்றான் அவன். "இந்த வாரம் மடவை மீனு எடுத்தாரன். நீங்களே வறுத்துக் குடுங்க."

சொன்ன மாதிரியே கொண்டு வந்து கொடுத்தான். அடுப்பைப் பற்ற வைத்து, சட்டியைக் காய வைத்து, எண்ணெய்க் கரண்டியைத் தூக்கினேன். ஊற்ற முடியவில்லை. இரண்டு தரம் கிண்ணத்திலேயே திருப்பி ஊற்றினேன். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். வீடெல்லாம் மீன் மணந்தது. அவர் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். முள்ளைக்கூட உறிஞ்சினார். பிறகு எழுந்து, இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நின்று, செம்பை எடுத்தார்.

நான் ஓடிப் போய்ச் செம்பைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் ஊற்ற, அவர் கையைக் கழுவினார். அந்த ஆறு வாரமும் தினமும் நான்தான் ஊற்றினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து, நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, "மீனு நல்லாருந்துச்சி" என்றார். பேச்சு அப்படித்தான் திரும்பி வந்தது.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை. என்னால் ரத்தம் எடுக்க முடியவில்லை, டாக்டரம்மாவே எடுத்தார். நான் மெஷினைச் சுற்றினேன். சுற்றி முடித்த பிறகும் குழாயை வெளியே எடுக்காமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் அவர்தான் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "வாங்க, பாருங்க" என்று கூப்பிட்டார்.

குழாய்க்குப் பின்னால் டாக்டரம்மாவின் விரல் தெரிந்தது. ரேகை தெரிந்தது. மேலே நின்ற தண்ணீர் நல்லெண்ணெய் நிறத்தில், நல்லெண்ணெய் மாதிரியே தெளிவாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொழுப்பு இல்லாத ரத்தம் என்று சொல்ல எனக்குக் கிடைத்த ஒப்புமையைப் பாருங்கள்!

நோட்டில் எழுத வேண்டும். பழைய குறிப்பைச் சுரண்டக் கூடாது, அடித்து மறைக்கக் கூடாது. அது சோதனைக்கூடத்துச் சட்டம். ஒரு கோடு இழுத்து, படிக்கிற மாதிரி விட்டு, கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டபடியே உள்ளே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பொய் சொன்னவர்." பிறகு, "உன் எழுத்தா?"

"ஆமா மாமா."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் லேசாகச் சிரித்தார்.

"ஒரு விதத்துல மெய்தான். வெல்லம் எனக்குச் சின்ன வயசுல இருந்தே ஆவாது. நாக்குல பட்டாலே கொமட்டும். சொல்லல."

பேனா என் கையில் நின்றுவிட்டது. "அப்போ மூணு வருஷமா ஏன் துன்ன?"

"எங்கப்பன நெனச்சிக்கினு பயந்துக்கினே நீட்டுவ. உன் கை ஆடும். அதப் பாத்துக்கினு எப்டி வேணாம்னு சொல்றது?"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திருத்தத்தை எழுதினேன். "சோதிக்கப்பட்டவர் உண்மையே சொன்னார். தவறு என்னுடையது." அந்த எழுத்து குண்டாகவும் இல்லை, நேராகவும் இல்லை. கோணல் மாணலாகப் போனது.

அடுத்த அமாவாசைக்கு இரண்டு பேருமே குளத்துக்குப் போனோம். நல்ல கூட்டம். படியெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியது. நான் கடைசிப் படியில் இறங்கி வெல்ல உருண்டையைக் கையில் எடுத்தேன். உடைக்கவில்லை. முழு உருண்டையையும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, விரலுக்கு நடுவில் அது குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போகிற வரைக்கும் நின்றேன். எனக்கு அவ்வளவு நேரம் ஒரு இடத்தில் நிற்க வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பினேன். மேல் படியில் அவர் கை நீட்டிக்கொண்டு நின்றார். பழக்கம். உள்ளங்கையை விரித்து, மறுபாதிக்காக. நாக்கில் பட்டால் குமட்டுகிற ஒன்றுக்காக, நான் இன்னும் பயந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்று.

கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஈரக் கையைத்தான் அதில் வைத்தேன். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.